வடிவமைப்புக்கு அட்டைகள்: எந்தச் சிக்கலுக்கு எந்தக் கட்டு?

கேள்வி இதுதான். மென்பொருள் வடிவமைக்கும் சிறு குழு ஒன்று, கேள்விகளோ குறிப்புகளோ அச்சிட்டு வடிவமைப்பாளர்களுக்கென்று விற்கப்படும் அட்டைக் கட்டுகளில் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறது. அவை உண்மையிலேயே வேலையை முன்னகர்த்துமா, அல்லது ஒரு கூட்டத்தைக் கலகலப்பாக்கிவிட்டு மேசை இழுப்பறைக்குள் போய்விடுமா? வேலையின் எந்தக் கட்டத்தில் அவற்றை எடுக்க வேண்டும்? ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்குவதா, தாங்களே செய்துகொள்வதா?

பயன் உண்டு. ஆனால் கட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் குழு எங்கே சிக்கி நிற்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். யோசனை வறண்டுபோன குழுவுக்கும், யோசனைகள் குவிந்து கிடந்தும் அவற்றை ஒழுங்குபடுத்த முடியாத குழுவுக்கும், தன் வடிவமைப்பால் யாருக்குப் பாதிப்பு என்று இன்னும் எண்ணிப் பார்க்காத குழுவுக்கும் ஒரே கட்டு உதவாது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல், அழகாக அச்சிடப்பட்டிருக்கிறது என்பதற்காக வாங்கப்படும் கட்டுகள்தாம் பெரும்பாலும் இழுப்பறைக்குப் போகின்றன என்பது என் கணிப்பு.

அட்டை என்ற வடிவத்துக்கே ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை முதலில் பார்த்துவிடலாம். வடிவமைப்பு பற்றிய அறிவு பெரும்பாலும் நீண்ட கட்டுரைகளிலும் வழிகாட்டி ஆவணங்களிலும் இருக்கிறது. கூட்டத்தின் நடுவில் அவற்றை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஈவா ஹோர்னெக்கர் என்ற ஆய்வாளர், தொட்டுக் கையாளும் இடைமுகங்களை (கணினியை இயக்கக் கையில் எடுத்து நகர்த்தும் பொருள்களை) பற்றித் தானும் சக ஆய்வாளரும் உருவாக்கியிருந்த கோட்பாட்டுச் சட்டகத்தைக் கேள்விகளாக உடைத்து, சீட்டாட்டம் போல விளையாடக்கூடிய அட்டைகளாக 2010-இல் வெளியிட்டார். கோட்பாடு அதேதான்; அதைக் கையில் எடுக்கும் வழி மட்டும் மாறியது. ஒரு கருத்தை மேசையில் வைக்கலாம், இன்னொன்றின் பக்கத்தில் நகர்த்தலாம், ஒதுக்கித் தள்ளலாம், வேண்டுமென்றால் மீண்டும் எடுக்கலாம். ஆவணத்தின் நாற்பதாம் பக்கத்தில் இருக்கும் பத்தியை இப்படிச் செய்ய முடியாது.

இதைவிட முக்கியமான இன்னொரு விளைவு, பேச்சின் பங்கீட்டில் நிகழ்கிறது. வழக்கமான யோசனைக் கூட்டத்தில் மூத்தவரோ குரல் ஓங்கியவரோ பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆளுக்கு மூன்று அட்டைகள் கொடுத்து முறை வைத்துப் பேசச் சொன்னால், புதிதாகச் சேர்ந்தவரும் தன் முறை வரும்போது எதையாவது சொல்லியே ஆக வேண்டும். மேலும், அவர் எழுப்பும் சங்கடமான கேள்வி அட்டையின் கேள்வியாகத்தான் பார்க்கப்படும். ‘இந்த அட்டை இப்படிக் கேட்கிறது’ என்று சொல்லி மேலதிகாரியின் திட்டத்தில் உள்ள ஓட்டையைச் சுட்டிக்காட்டுவது, நேரடியாகச் சுட்டிக்காட்டுவதைவிட எளிது. இந்தச் சமூகப் பயனை அட்டை விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் பாதிப் பயன் இதுதான்.

இனி ஒவ்வொரு சிக்கலாக எடுத்துக்கொள்ளலாம். யோசனை வறண்டுபோன நிலைக்கான கட்டுகளில் நன்கு அறியப்பட்டது, இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975-இல் வெளியிட்ட ‘ஆப்லீக் ஸ்ட்ராட்டஜீஸ்’. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சிறிய, பெரும்பாலும் புதிரான, கட்டளை அல்லது குறிப்பு இருக்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்போது ஓர் அட்டையை உருவி, அது சொல்வதைப் பின்பற்றிப் பார்ப்பது அதன் முறை. வடிவமைப்புத் துறையில் ஐடியோ நிறுவனம் 2003-இல் வெளியிட்ட 51 ‘மெத்தட் கார்ட்ஸ்’ வேறு வகையைச் சேர்ந்தவை. அவை யோசனையைத் தூண்டுவதற்காக அல்லாமல், பயனரை அறிந்துகொள்ளும் ஆய்வு முறைகளை நினைவூட்டுவதற்காக உருவானவை. கற்றல், கவனித்தல், கேட்டல், செய்து பார்த்தல் என்று நான்கு பிரிவுகளாக அவை பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு பக்கத்தில் படமும் மறுபக்கத்தில் முறையின் விளக்கமும் இருக்கும். ஆய்வைத் திட்டமிடும் நாளில் இவை கைகொடுக்கும். திரை வடிவமைப்பில் தடுமாறும் நாளில் இவற்றை விரித்தால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த ஏமாற்றத்துக்கு அட்டைகள் பொறுப்பல்ல.

பயனரின் நடத்தையை வடிவமைப்பால் எப்படித் திருப்பலாம் என்று யோசிக்கும் குழுக்களுக்கு, டான் லாக்டனும் சக ஆய்வாளர்களும் உருவாக்கி 2010-இல் வெளியிட்ட ‘டிசைன் வித் இன்டென்ட்’ கட்டை நான் முதலில் பரிந்துரைப்பேன். அதில் 101 அட்டைகள் எட்டுக் கோணங்களின் கீழ் தொகுக்கப்பட்டிருக்கின்றன. கட்டட அமைப்பு, பிழைத் தடுப்பு, விளையாட்டு, பாதுகாப்பு ஆகியவை அவற்றுள் சில. ஒவ்வோர் அட்டையும் ஒரு கேள்வியாக அமைந்திருப்பது அதன் பலம், ஏனெனில் கேள்வியின் முன் சும்மா இருப்பது கடினம். பயனரைத் தந்திரமாக வளைக்கும் உத்திகளுக்கும் அதில் ஒரு தனிக் கோணம் உண்டு. அதை ஒளிக்காமல் வைத்திருப்பதும் நல்லதே: அத்தகைய உத்தி தங்கள் தயாரிப்பில் ஏற்கெனவே நுழைந்துவிட்டதா என்று குழு தன்னையே சோதித்துக்கொள்ள முடியும்.

ஓர் அமர்வு எப்படி நடக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காட்டுகிறேன். முதியவர்களுக்கு மருந்து வேளையை நினைவூட்டும் கருவி ஒன்றை நான்கு பேர் வடிவமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேசையின் நடுவில் பெரிய தாளில் ஒரே ஒரு கேள்வி எழுதப்பட்டிருக்கிறது: மாத்திரையை எடுத்தது மறந்து இரண்டாம் முறை எடுப்பதை எப்படித் தவிர்ப்பது? ஒருங்கிணைப்பாளர் ஆளுக்கு மூன்று அட்டைகள் கொடுக்கிறார். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் தன் அட்டை அந்தக் கேள்வியோடு எங்கே முட்டுகிறது என்று எழுத வேண்டும்.

முதலாமவரின் அட்டை, தவறான செயலையே நிகழ முடியாததாக ஆக்கலாமா என்று கேட்கிறது. அடுத்த வேளை வரும்வரை திறக்காத பெட்டி என்று அவர் எழுதுகிறார். இரண்டாமவரின் அட்டை காலத்தைப் பற்றியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இதை யார் பயன்படுத்துவார்கள் என்கிறது. அவருக்கு, மருத்துவர் மருந்தின் அளவை மாற்றும்போது பூட்டிய பெட்டி என்னாகும் என்ற கவலை பிறக்கிறது. மூன்றாமவரின் அட்டை, பிறர் பார்வையில் இருப்பது மனிதரின் நடத்தையை மாற்றும் என்பதை நினைவூட்டுகிறது; மாத்திரை எடுக்கப்பட்டதும் மகனுக்கோ மகளுக்கோ தகவல் போகலாம் என்கிறார். நான்காமவர் தன் முறையில், அது கண்காணிப்பாகிவிடும் என்று சொல்லி அந்த அட்டையை மேசையின் ஓரத்துக்குத் தள்ளுகிறார். சிறு வாக்குவாதம் எழுகிறது. முடிவில் அந்த யோசனை கைவிடப்படுகிறது. ஆனால் முதியவரின் ஒப்புதலின்றிக் கருவியிலிருந்து எந்தத் தகவலும் வெளியே போகக் கூடாது என்ற விதி தாளில் ஏறுகிறது.

அமர்வின் நல்ல விளைச்சல், ஒதுக்கப்பட்ட அந்த அட்டையிலிருந்து வந்தது. ஆகவே, ஒதுக்கும்போது காரணத்தை ஒரு வரியில் எழுதச் சொல்வது அவசியம். ‘இது நமக்குப் பொருந்தாது’ என்று தள்ளிவிட்டு அடுத்த அட்டைக்குப் போகும் குழு, பொருந்தாததற்கான காரணத்தில் ஒளிந்திருக்கும் வடிவமைப்பு நெறியை இழக்கிறது. மௌனமாக எழுதும் ஐந்து நிமிடத்தையும் விட்டுவிடக் கூடாது. அது இல்லையென்றால் முதலில் பேசியவரின் யோசனையைச் சுற்றியே மற்றவர்கள் வலம் வருவார்கள்.

விளையாட்டுத் தன்மையை நாடும் தயாரிப்புகளுக்கு, ஆந்த்ரேஸ் லுசெரோவும் யூஹா அரஸ்வூரியும் 2010-இல் அறிமுகப்படுத்திய ‘பிளெக்ஸ்’ அட்டைகள் உண்டு. கண்டறிதல், போட்டி, தோழமை என்பன போன்ற விளையாட்டனுபவ வகைகளை அவை அட்டைக்கு ஒன்றாகத் தாங்கி நிற்கின்றன. இருவர் எதிரெதிரே அமர்ந்து, பொதுவான ஒரு விதை அட்டையில் தொடங்கி, தத்தம் கையிலுள்ள அட்டைகளை மாறி மாறி இறக்கி யோசனையை வளர்க்கும் முறையையும் அவர்கள் வகுத்துக் கொடுத்தார்கள். அட்டையோடு ஆட்டவிதியும் சேர்ந்து வருவது பெரிய வசதி. விதி இல்லாத கட்டுகளை வாங்கும் குழு, விதியைத் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வேறு வகைச் சிக்கல், யாரை மறந்தோம் என்பது. இங்கே தற்செயலாக உருவப்படும் அட்டைகள் போதாது. விடுபட்டவற்றை முறையாகத் துழாவும் கட்டு வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்யா ஃப்ரீட்மனும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய ‘என்விஷனிங்’ அட்டைகள், தொடர்புடைய மனிதர்கள், காலம், விழுமியங்கள், பரவல் என்ற நான்கு அளவுகோல்களைச் சுற்றி அமைந்தவை. கருவியை நேரடியாகத் தொடாமலே அதனால் பாதிக்கப்படுபவர்கள் யார் என்ற கேள்வியை அவை விடாமல் கேட்கின்றன. பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடுவதற்கு, மைக்ரோசாஃப்டில் ஆடம் ஷோஸ்டாக் 2010-இல் வடிவமைத்த ‘எலிவேஷன் ஆஃப் பிரிவிலேஜ்’ உண்டு. ஆள்மாறாட்டம், தரவைத் திருத்துதல், செய்ததை மறுத்தல், தகவல் கசிவு, சேவையை முடக்குதல், அதிகார உயர்வு ஆகிய ஆறு அச்சுறுத்தல் வகைகளும் அதில் சீட்டுகளின் ஆறு இனங்களாக வருகின்றன. சீட்டை இறக்குபவர், அந்த அச்சுறுத்தல் தங்கள் அமைப்பின் எந்த இடத்தில் நிகழலாம் என்று காட்டினால்தான் புள்ளி கிடைக்கும். பாதுகாப்பு நிபுணர் அல்லாதவர்களையும் அந்தப் பேச்சுக்குள் இழுப்பதற்கு இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை.

குவிந்து கிடப்பதை ஒழுங்குபடுத்தும் வேலைக்கு அச்சிட்ட கட்டு எதுவுமே தேவையில்லை; வெற்று அட்டைகள் போதும். ஜப்பானிய மானுடவியலாளர் கவாகிதா ஜிரோ, களக் குறிப்புகளைத் துண்டுத்தாள்களில் எழுதி, உறவுடையவற்றை அருகருகே சேர்த்துப் பெயரிடும் முறையை வகுத்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளால் அது கேஜே முறை எனப்படுகிறது. முன்கூட்டியே தலைப்புகளை முடிவு செய்யாமல், சேர்ந்த குவியலைப் பார்த்தபின் பெயர் வைப்பது அதன் உயிர். கென்ட் பெக்கும் வார்டு கன்னிங்ஹமும் 1989-இல் முன்வைத்த சிஆர்சி அட்டைகள், மென்பொருளின் ஒவ்வொரு வகுப்புக்கும் (தரவையும் அதற்கான செயல்களையும் சேர்த்துவைக்கும் நிரல் அலகுக்கும்) ஓர் அட்டை என்று கொண்டு, அதன் பொறுப்புகளையும் கூட்டாளிகளையும் அதில் எழுதச் சொல்லின. நெருங்கி இயங்கும் வகுப்புகளின் அட்டைகள் மேசையிலும் நெருங்கி இருக்கும். அட்டையில் இடம் போதவில்லை என்றால், அந்த வகுப்புக்கு அளவுக்கு மீறிய வேலை சுமத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். அட்டையின் சிறிய அளவு இங்கே எச்சரிக்கை மணியாகவும் வேலை செய்கிறது.

பயனர்களைக் கொண்டே தகவலை வகைப்படுத்தச் செய்யும் கார்டு சார்ட்டிங் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மென்பொருள் குழுவுக்கு இதுதான் அதிகம் தேவைப்படும். நூலக இணையதளம் ஒன்றின் பட்டியை (மெனுவை) அமைப்பதாகக் கொள்வோம். நூல் புதுப்பித்தல், தாமதக் கட்டணம், வாசகர் அட்டை தொலைந்தால், அரங்கு முன்பதிவு, குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகள் என்று ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி, பயனரிடம் கொடுத்துத் தனக்குப் பொருத்தமாகத் தோன்றும்படி குவியல்களாகப் பிரிக்கச் சொல்வது திறந்த முறை. குவியல்களின் பெயர்களை முன்பே கொடுத்து, அவற்றுக்குள் அட்டைகளைப் போடச் சொல்வது மூடிய முறை. புதிதாகக் கட்டும்போது முதலாவதையும், ஏற்கெனவே உள்ள அமைப்பைச் சரிபார்க்கும்போது இரண்டாவதையும் எடுக்கலாம். எத்தனை பேரிடம் செய்வது என்பதற்கும் ஒரு நல்ல வழிகாட்டி இருக்கிறது. டுல்லிஸ், வுட் என்ற ஆய்வாளர்கள் 168 பேரிடம் செய்த ஆய்வின் முடிவுகளை வைத்து, 15 பேர் இருந்தாலே முழுத் தொகுப்பின் முடிவோடு 0.90 அளவுக்கு (1 என்றால் முழுப் பொருத்தம்) ஒத்துப்போகும் என்று பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2004-இல் பரிந்துரைத்தார். ஐந்து பேரோடு நிறுத்திக்கொள்வது, பயனர் தயாரிப்பைக் கையாள்வதைக் கவனிக்கும் பயன்பாட்டுச் சோதனைக்குப் போதுமானதாக இருக்கலாம், இங்கே போதாது.

இதில் ஒரு கண்ணி உண்டு. ‘நூல் புதுப்பித்தல்’, ‘நூல் பரிந்துரை’, ‘நூல் நன்கொடை’ என்று மூன்று அட்டைகள் இருந்தால், பயனர் பொருளை யோசிக்காமல் ‘நூல்’ என்ற சொல்லைப் பார்த்தே மூன்றையும் ஒரே குவியலில் போட்டுவிடுவார். குழு அதைப் பயனரின் மனப்படம் என்று நம்பிவிடும். ‘கடன் காலத்தை நீட்டித்தல்’, ‘எதை வாங்கலாம் என்று சொல்லுதல்’ என்று சொற்களை வேறுபடுத்தி எழுதிவிட்டால் குவியல்களும் மாறும். அதேபோல், பயனர் எந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தாமதக் கட்டணம் ‘என் கணக்கு’க்குள் போவதா, ‘விதிமுறைகள்’ பக்கம் போவதா என்று அவர் இரண்டு முறை மாற்றி வைத்தால், அந்த இணைப்பு இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லாமல் சொல்லிவிட்டார். எண்ணிக்கைகளைக் கூட்டிப் பார்க்கும் மென்பொருள் இந்தத் தயக்கத்தைக் காட்டாது.

ஒரு வேலைக்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்று கணிக்கும் கட்டத்தில் பயன்படும் பிளானிங் போக்கரைப் பலரும் அறிவார்கள். 2002-இல் ஜேம்ஸ் கிரென்னிங் விவரித்த இந்த முறையில், அனைவரும் தத்தம் கணிப்பை எண் அட்டையால் ஒரே நேரத்தில் காட்டுவதால், முதலில் சொன்னவரின் எண் மற்றவர்களை இழுப்பதில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல இங்கே தேவையில்லை.

அட்டைகளால் கெடுதல் வரும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். இத்துறையில் ராபின் ராயும் ஜேம்ஸ் வாரனும் 155 கட்டுகளைத் திரட்டி ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட கட்டுரை ஒரு நல்ல தொடக்கம். அட்டைகள் பேச்சையும் புதிய சேர்க்கைகளையும் தூண்டுகின்றன என்பதோடு, தகவலைத் திணித்துத் திணறடிக்கவோ அளவுக்கு மீறி எளிமைப்படுத்தவோ செய்யலாம் என்பதும் அதில் வருகிறது. என் கருத்தில் முதல் ஆபத்தே அடிக்கடி நிகழ்கிறது. நூறு அட்டைகளையும் மேசையில் விரித்துவிட்டால் குழு வாசகசாலையாகிவிடும். வாசித்து முடிப்பதற்குள் நேரமும் முடிந்துவிடும். ஒருங்கிணைப்பாளர் முந்தைய நாளே அமர்ந்து, கேள்விக்கு உதவக்கூடிய பத்துப் பன்னிரண்டு அட்டைகளைப் பொறுக்கி எடுத்துவைப்பது நல்லது. இரண்டு மூன்று மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உருவப்பட்டவையாக இருக்கட்டும்.

இன்னொன்று, எடுத்துக்காட்டுப் படங்களின் பிடி. ஜான்சனும் ஸ்மித்தும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், மாதிரி வடிவமைப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிய வடிவமைப்பாளர்கள், அதன் குறைகளையும் சேர்த்துத் தங்கள் வடிவமைப்பில் கொண்டுவந்தார்கள் என்று காட்டப்பட்டது. அட்டையில் ஒரு தயாரிப்பின் புகைப்படம் இருந்தால் இதே விளைவு வரலாம். எனவே, சொந்தத் துறைக்கு மிக நெருங்கிய படங்கள் உள்ள அட்டைகளைத் தவிர்ப்பதும், தொலைவான துறைகளின் படங்கள் உள்ளவற்றைச் சேர்ப்பதும் பாதுகாப்பானவை. அட்டைகள் பயனரைச் சந்திப்பதற்கு மாற்று ஆகிவிடுவது இன்னும் மோசம். ‘பயனர் என்ன நினைப்பார்?’ என்ற அட்டைக்கு அறைக்குள் இருப்பவர்களே பதில் சொல்லித் திருப்தி அடைந்துவிட்டால், அந்த அட்டை இல்லாமல் இருந்திருப்பதே மேல்.

வாங்குவதா, செய்வதா என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் அனுபவத்துக்கு ஆயத்தக் கட்டு ஒன்றைப் பயன்படுத்திப் பார்க்கலாம். சில கட்டுகள் இணையத்தில் இலவசமாகவே தரவிறக்கக் கிடைக்கின்றன. ஆனால் ஒரே துறையில் தொடர்ந்து வேலை செய்யும் குழு, தன் கட்டைத் தானே செய்துகொள்வதில் நிறைய லாபம் உண்டு. டென்மார்க்கின் கிம் ஹால்ஸ்கோவும் பீட்டர் டால்ஸ்கோவும் 2006-இல் விவரித்த பயிலரங்கு முறையில், ஒரு பக்கம் தொழில்நுட்பத்தைக் காட்டும் அட்டைகளும் மறுபக்கம் பயன்பாட்டுச் சூழலைக் காட்டும் அட்டைகளும் தயாரித்து, இரண்டையும் ஒரு சுவரொட்டியில் இணைத்து ஒட்டிக் கருத்துகளை உருவாக்குவார்கள். சூழல் அட்டைகளைத் தயாரிக்க, குழு தான் கண்ட பயனர்களையும் இடங்களையும் நினைவுகூர்ந்தாக வேண்டும். கட்டைச் செய்யும் வேலையே ஆய்வைத் தொகுக்கும் வேலையாகிவிடுகிறது.

செய்யும்போது ஓர் அட்டைக்கு ஒரே கருத்து. தலைப்பு மேசையின் எதிர்ப்புறம் இருப்பவரும் படிக்கும் அளவில். விளக்கம் மூன்று வரிக்கு மிகாமல். பயனரின் சொல்லை அப்படியே ஏற்றலாம். ‘பயனர்கள் குழப்பம் அடைகின்றனர்’ என்பதைவிட ‘பணம் போய்விட்டதா இல்லையா என்றே தெரியவில்லை’ என்ற வாசகம் யோசனையை வேகமாகக் கிளப்பும். பத்து அட்டைக்கு ஒன்றோ இரண்டோ வெற்றாக விட்டுவைக்க வேண்டும், அமர்வில் எழும் புதிய கேள்வியை அங்கேயே எழுதிக் கட்டில் சேர்க்க. முதல் பதிப்பைப் பளபளப்பாக அச்சிட வேண்டாம். கையெழுத்தில் இருக்கும் அட்டையை அடித்துத் திருத்த யாரும் தயங்க மாட்டார்கள். இரண்டு மூன்று அமர்வுகளில் யாருமே எடுக்காத அட்டையை நீக்கிவிடலாம்.

தொலைவில் இருந்து வேலை செய்யும் குழுக்கள் திரையில் உள்ள பலகைகளில் அட்டைகளை விரிக்கின்றன. பதிவு தானாகவே நடந்துவிடுவது அதில் உள்ள வசதி. ஆனால் அட்டையைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் பேசும் முறை என்ற இயல்பான ஒழுங்கு திரையில் இல்லாமல் போகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்த்துவார்கள், யாரும் பேச மாட்டார்கள். முறையை ஒருங்கிணைப்பாளர் பெயர் சொல்லி அழைத்து நடத்த வேண்டும். அவரவர் அட்டைகளுக்குத் தனி நிறமும் கொடுக்கலாம்.

கடைசியாக, அமர்வு முடிந்தபின் செய்ய வேண்டியவை. கலைப்பதற்கு முன் மேசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; எந்த அட்டையோடு எந்த யோசனை பிறந்தது என்பது இரண்டு வாரம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. மிஞ்சிய யோசனைகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரையும், அதைச் சோதிக்கும் மலிவான ஒரு முன்மாதிரியையும் அன்றே தீர்மானியுங்கள். ஒதுக்கியவற்றின் காரணங்களைத் தனித் தாளில் சேர்த்துத் திட்ட ஆவணத்தோடு வையுங்கள். முன்மாதிரி பயனர் கைக்குப் போனபிறகு கட்டு சில வாரங்கள் பெட்டிக்குள் இருக்கலாம். அந்தச் சோதனையில் எதிர்பாராத தடங்கல் ஏதேனும் வந்தால், அதை ஒரு புதிய கேள்வியாகத் தாளில் எழுதி, அதற்கேற்ற பத்து அட்டைகளைப் பொறுக்கி அடுத்த அமர்வைத் தொடங்குங்கள்.